காப்பு இறங்க ஒரு சாவு

காப்புக் கட்டிய அன்று காலை திரௌபதி அம்மன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்கு மூத்தவன் என்கிற முறையில் நான், சிவப்பிரகாசம். காலமாகிவிட்ட என் தம்பியின் மகன் தணிகைவேல். அவன் தாய் ஜெயம்மா. எங்கள் பங்காளி இளங்கோவன். பூசாரி பச்சையப்பன். பம்பை அடித்த துளசிங்கம். ஆறு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள், கூடவில்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் தெருவில் நின்றவர்கள்.

அந்தப் புதுக் காய்ச்சல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் வரவில்லை. வரும் என்கிற பேச்சுதான் வந்தது. ஆந்திர எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு பண்ணையில் கோழிகளைக் குழி தோண்டிப் புதைத்ததாகச் சொன்னார்கள். செக்போஸ்டில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடித்தார்கள். திருத்தணி பஜாரில் கோழிக்கடைகள் மூடின. மலைக்கு வருகிற கூட்டம் குறைந்துபோய், மொட்டை அடிக்கிறவர்கள் வேலையில்லாமல் படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் முகம் மழித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கோழியைத் தாண்டி மனிதரிடம் வந்துவிட்டது என்று ஒரு சேனலும், இன்னும் வரவில்லை என்று இன்னொரு சேனலும் சொல்லின. முன்பு ஒரு முறை பட்டவர்கள் என்பதால் இந்த முறை ஜனங்கள் நோய்க்காகக் காத்திருக்கவில்லை. பயத்தை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பயத்தில் முதலில் நின்றது கபடிப் போட்டி. கிரிக்கெட்காரர்கள் தள்ளித் தள்ளி நிற்கிறவர்கள். அவர்களுக்கு யோசிக்க அவகாசம் இருந்தது. கபடி அப்படி இல்லை. ஏழு பேர் சேர்ந்து ஒருவன் மேல் விழுந்து அமுக்குகிற ஆட்டம். போகிறவன் பாடிக்கொண்டு வேறு போக வேண்டும். எதிராளியின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, வாயைத் திறந்து, மூச்சு தீரும்வரை அவன் மேல் விடுகிறான். இதைவிட நோய்க்கு வசதியான விளையாட்டு உலகத்தில் இல்லை என்று ஒரு டாக்டர் டிவியில் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று மாலை அந்த வருடத்துப் போட்டித் தொடரை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலை ரயிலில் தணிகைவேல் ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினான்.

அவன் போபால் பெயரில் இருந்த ஒரு அணிக்கு ஆடுகிறவன். ஆடுகிறவன் என்று சொன்னாலும் அதிகம் உட்கார்ந்திருந்தவன்தான். களத்துக்கு வெளியே வரிசையாகப் போட்ட நாற்காலிகளில், தொடையில் கையை ஊன்றிக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதை டிவியில் அவ்வப்போது காட்டுவார்கள். ஜெயம்மா அதற்காகவே எல்லா ஆட்டத்தையும் பார்ப்பாள். யாருக்காவது அடிபட்டால் இவனை இறக்குவார்கள். அடிபட்டவன் எழுந்து வந்ததும் இவன் திரும்ப நாற்காலிக்குப் போவான். வயது முப்பதை நெருங்கிவிட்டது. அதற்கு மேல் கபடியில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவனை ஏலத்தில் எடுத்தார்கள் என்று முதன்முதலில் ஊரார் வந்து சந்தோஷமாகச் சொன்னபோது நான் அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். புளியமரத்து மகசூல் ஏலம் போகும். ஏரி மீன் ஏலம் போகும். எங்கள் வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னால் போதும்.

எங்கள் ஊரில் சித்திரை முடிவில் தீமிதி. அக்கினி குண்டத்தில் பூங்கரகம் இறங்கியபின் முதல் கால் வைப்பது எங்கள் வீடு. எப்போதிருந்து என்று என்னைக் கேட்டால் தெரியாது. என் தாத்தா தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். நான் இறங்கினேன், எனக்குப் பிறகு என் தம்பி இறங்கினான். தம்பி போய்விட்டான். எனக்கு முழங்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். தணிகைவேலுக்கோ ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் ஆட்டம். ஆகவே பங்காளி இளங்கோவன் எங்களுக்குப் பதிலாக இறங்கிக்கொண்டிருந்தான். பங்காளிதான், அதே ரத்தம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் முதல் வருடம் குண்டத்தின் முன் நின்று “சிவப்பிரகாசம் வீட்டுக்காக” என்று குரல் கொடுத்த பூசாரி பச்சையப்பன், போன வருடம் “இளங்கோவன் வீடு” என்று கூப்பிட்டார். வேண்டுமென்று அல்ல, பழக்கத்தில் வந்துவிட்டது. பழக்கத்தில் வந்துவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் ஆட்டம் இல்லை என்றானதும் நான் தணிகைவேலைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. “ஆங், சரிங்க பெரியப்பா. சும்மாதானே இருக்கப்போறேன்,” என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதில் அதுதான். மஞ்சள் தடவிய நூலைப் பச்சையப்பன் அவன் வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார். முகமூடி போட்டுக்கொண்டு பம்பை அடித்ததில் துளசிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. இளங்கோவன் முகத்தில் எதுவும் காட்டாமல் நின்றான்; நூல் முடிந்ததும் தணிகைவேலின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு முதல் ஆளாக வெளியே போனான். காப்புக் கட்டியவன் தீமிதி முடிகிறவரை ஊர் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. கறி தின்னக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது, கட்டிய காப்பை அவிழ்க்கக் கூடாது. இவற்றில் எதற்கும் தணிகைவேல் ஆட்சேபம் சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் ஃபோன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் இடது கையால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். பேசியது அவர்கள் அணி மேனேஜர் திலீப், சென்னைக்காரர். போட்டி நடக்கப்போகிறது என்றார். எல்லா அணிகளும் ஒரே ஊரில், ஒரே ஓட்டலில், ஓட்டலிலிருந்து அரங்கம், அரங்கத்திலிருந்து ஓட்டல், பார்வையாளர் கிடையாது, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் மெத்தையைக் கழுவுவார்கள். வாயில் துணி கட்டிக்கொண்டுதான் ரெய்டு போக வேண்டும், சத்தமாகப் பாடக் கூடாது, நேரத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் அவர் பட்டியல் போல் சொல்லிக்கொண்டு போனார். நான் அந்தக் காலத்தில் சடுகுடு ஆடியவன். பாட்டில்லாத சடுகுடு என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“வெள்ளிக்கெழமை சாயங்காலம் கேட்டை மூடிடுவாங்க தணிகா. அப்பறம் டீம் ஓனரே வந்தாலும் உள்ள வுடமாட்டாங்க. ஒனக்கு ஒரு விஷயம் தெரியுமா? ஈரான்காரன் வரல. ஃப்ளைட் இல்லியாம், அவங்க வூட்லயும் அனுப்பலியாம். மொத ரெய்டர் நீதான். எல்லா மேட்ச்சும்.”

தணிகைவேல் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான். பத்து நாள் தள்ளி வரலாமா என்று கேட்டான். நான் சொல்றது காதுல வுழலியா என்றார் திலீப். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே என்றும் கேட்டார். இல்லை என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி முடித்தான். இத்தனை வருடம் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுப்புவதற்கு, எங்கேயோ கோழிகள் சாகவும் எங்கேயோ ஒரு ஈரான்காரனை அவன் வீட்டார் தடுக்கவும் வேண்டியிருந்தது. இதை நான் அப்போது நினைக்கவில்லை. ரசம் ஊற்றும்போது ஜெயம்மாதான் பேசினாள்.

“அங்கயும் காப்புதான் கட்றாங்க போலக்குது. உள்ள போனா எல்லையைத் தாண்டக் கூடாதாம்.”

சொல்லிவிட்டு மகனின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்; அது அவனுக்குத் தெரிந்ததால்தான் கேட்கவில்லை. விடியற்காலையில் எழுந்து ஓடுவான். ஏரிக்கரை வழியாக எல்லைக்கல்வரை போய், அதைக் கையால் தொடாமல் திரும்பி வருவான். பால் கொண்டு போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்ததாகச் சொன்னார்கள். மாலையில் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் தனியாக ஆடுவான். மரங்கள்தான் எதிர் அணி. குனிந்து போய் ஒரு மரத்தின் அடியைத் தொட்டு, உடம்பைத் திருகி, இன்னொரு மரத்தின் பிடியிலிருந்து தப்பிப்பதுபோல் பின்னால் துள்ளி, கோட்டுக்குத் திரும்புவான். ஆரம்பத்தில் பாடிக்கொண்டு ஆடினான்; சன்னல் வழியாக என் அறைக்குக் கேட்கும். திலீப் பேசிய மறுநாள் சத்தம் நின்றது. நிறுத்திவிட்டான்போல என்று எழுந்து போய்ப் பார்த்தேன். வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். காய்ந்த ஓலைமேல் கால் படுகிற ஓசை மட்டும் வந்தது. எவ்வளவு நேரம் நின்று பார்த்தேன் என்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை.

ஜெயம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். காப்பை இறக்க வழியே கிடையாதா மாமா என்றாள். என் தம்பி மனைவி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் எதிரில் குரல் உயர்த்தியதில்லை. அவிழ்த்தால் வீடு விளங்காது என்பார்கள். அதை நான் நம்புகிறேனா என்பது கேள்வி அல்ல. ஊர் நம்புகிறது, அந்த நம்பிக்கையின் முன்வரிசையில் எங்கள் வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். பங்காளி வகையில் சாவுத் தீட்டு வந்தால் காப்பு தங்காது, கட்டியவன் தானே இறக்கிவிட வேண்டும், அதில் தோஷம் இல்லை, வேறு வழி கிடையாது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலை நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது ஜெயம்மா முற்றத்தில் நின்றிருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். கட்டியிருந்த புடவையோடு ஊற்றிக்கொண்டதால் காலடியில் நீர் தேங்கியிருந்தது. தணிகைவேல் ஓட்டம் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தான்.

“கண்ணையன் மாமா போயிட்டாராம். விடியக்காலைல ஃபோன் வந்துது,” என்றாள்.

கண்ணையன் என் பெரியப்பா மகன், எனக்கு ஒரு வயது இளையவன். கல்யாணத்துக்குப் பிறகு நகரிக்கு அப்பால் பெண்டாட்டி ஊரிலேயே தங்கி, மாந்தோப்பு வைத்துக்கொண்டு, பாதித் தெலுங்கனாகிவிட்டவன். யார் ஃபோன் செய்தார்கள் என்று கேட்டேன். பேர் கேட்கவில்லை, அழுதுகொண்டே பேசினார்கள் என்றாள். என் வீட்டில் ஒரு சாவுச் செய்தி மூத்தவனுக்குச் சொல்லாமல் தம்பி மனைவிக்குச் சொல்லப்படாது. அது அவளுக்கும் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தணிகைவேல் அவளையே பார்த்தான். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணையனின் நம்பரைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“ஏம்பா பிரகாசம், இன்னா இவ்ளோ காலைல? நான் கீறனா போயிட்டனான்னு பாக்கறியா?”

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எனக்கின்னா, கல்லு மாதிரி கீறேன். மாங்காய் எடுக்கத்தான் ஒரு நாயும் வர்ல. காய்ச்சல் மாங்காய்க்கும் வரும்ன்றானுங்க. அது கெடக்கட்டும், கொயந்தைக்குக் காப்பு கட்டிட்டியாமே? ஒந்தம்பி இருந்து பாத்திருக்கணும்பா. தீமிதிக்கு செக்போஸ்ட்ல வுடுவானா, கேட்டு வை. நான் வரணும்.”

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். சன்னல் வழியாகத் தோப்பு தெரிந்தது. தணிகைவேல் மரங்களுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தான். வாயில் துணி இல்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து, செம்பை எடுத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பொய் என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொள்வது சொல் அல்ல. பிறகு, முன்கட்டுக்கு வந்து, தலையைத் துவட்டாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஜெயம்மா ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மகனின் துணிகளை மடிக்கிற சத்தம் கேட்டது. மதியம் சென்னை ரயில், இரவு விமானம், நாளை வெள்ளிக்கிழமை.

அவள் தன் மகனை மட்டும் நினைத்துச் செய்துவிட்டாள். பங்காளித் தீட்டு என்பது ஒரு வீட்டோடு நிற்பதல்ல. இளங்கோவன் வீட்டுக்கும் அதே தீட்டுதான். எங்களுக்குப் பதிலாக இறங்க அவனாலும் முடியாது. முதல் கால் இந்த வருடம் எங்கள் வம்சத்தை விட்டே போய்விடும். செய்தி கேட்டு இளங்கோவன் தலையில் நீர் சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றபோதுதான் ஜெயம்மாவுக்கு அது உறைத்திருக்க வேண்டும். துணி மடிக்கிற சத்தம் நின்றது.

“மேட்டுத் தெருக்காரன் மொத காலு வெப்பான் இந்த வருஷம். அதைப் பாத்துக்கினு நாம வூட்ல ஒக்காந்துகினு இருக்கணும்,” என்றான் இளங்கோவன். “யாருண்ணே ஃபோன் பண்ணது? என்னா ஒடம்புக்கு? போன மாசம் என்கிட்ட நல்லாத்தானே பேசினாரு அவரு.”

“வூட்டுக்குப் பெரியவன் தலைக்கு ஊத்திகினு ஒக்காந்துகினு இருக்கேன். இதுக்கு மேல என்னா கேக்கற?”

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. இந்த வீட்டில் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால் அதைச் சந்தேகப்பட ஊரில் ஆள் கிடையாது. ஆனால் போகும்போது, “திடீர்னு, அதுவும் அந்தப் பக்கம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். அவ்வளவுதான் சொன்னான். எங்கள் தெரு திரும்புவதற்குள் அது ஒரு கேள்வியாகியிருக்கும். டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதிலாகியிருந்தது. சிவப்பிரகாசம் வீட்டில் அந்தக் காய்ச்சலில் ஒரு சாவு. எல்லைக்கு அப்பால் நடந்த சாவு இரண்டு தெரு தாண்டுவதற்குள் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டிருந்தது.

ஊர் நர்சம்மா ரஞ்சிதம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாசல் கேட்டுக்கு வெளியே, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு நின்றாள். சாவு வீட்டுக்கு யார் போனது, அங்கிருந்து யார் வந்தது என்று ஜெயம்மாவைக் கேட்டாள். யாரும் போகவில்லை, ஃபோனில் வந்த செய்தி என்றாள் இவள். காய்ச்சல் இருந்ததா, இருமல் இருந்ததா, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, இவள் தெரியாது தெரியாது என்றாள். தெரியாது என்று சொல்லச் சொல்ல அது இன்னும் காய்ச்சல் மாதிரியே ஆகிக்கொண்டிருந்தது.

“எதுவும் தெரியலன்னா எப்டிக்கா? நான் மேல சொல்லணும். சொல்லலன்னா என் வேலை போயிடும். வூட்டை மூடி நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவாங்க, என்னைத் திட்டாதீங்க.”

ஜெயம்மா என் பக்கம் திரும்பினாள். நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சையப்பன் வந்தார். தீட்டு வீடு என்பதால் அவர் படியேறவில்லை. தெருவின் நடுவில், கையில் ஒரு வாழை இலையோடு நின்றார். காப்பை அவர் தொடக் கூடாது. கட்டியவன் தானே அவிழ்த்து இலையில் போட வேண்டும், அவர் அதைக் கொண்டுபோய் ஏரியில் விடுவார். இளங்கோவனும் திரும்ப வந்து எதிர்வீட்டு நிழலில் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர், ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல், தெருவின் நீளத்துக்கும் தள்ளித் தள்ளி நின்றார்கள். தணிகைவேல் பையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினான். மஞ்சள் நூல் வியர்வையில் ஊறி இறுகியிருந்தது. பல்லால் கடிக்கக் கூடாது என்றார் பச்சையப்பன். இடது கை நகத்தால் முடிச்சை நெருடிக்கொண்டிருந்தான். அப்போது அவன் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். முடிச்சை விட மனமில்லை.

“தணிகா, ஒங்க பக்கத்து மணவூர் பசங்க வாட்ஸப் குரூப்ல என்னமோ போட்டுக்கீறாங்க. ஒங்க வூட்ல சாவாமே, அந்தக் காய்ச்சல்ல,” என்றார் திலீப். “உண்மையா?”

காய்ச்சல் இல்லை என்று ஜெயம்மா இங்கிருந்தே சொன்னாள். அவருக்கு நெஞ்சு வலி, வயசான சாவு என்றாள்.

“அம்மா, எதனால செத்தாருன்னு போட்டி நடத்தறவங்க கேக்கறதில்லைங்க. சாவு வூட்லேர்ந்து ஆளை எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, இதோ பக்கத்துலதான் கீறாரு. சாவு உண்டுன்னா தணிகா வரவேணாம், நான் குஜராத் பையனுக்கு டிக்கெட் போட்டுடறேன். இல்லன்னா இல்லன்னு வூட்டுப் பெரியவர் யாராவது சொல்லட்டும். பொம்பளைங்க, பசங்க சொல்றதை ஒத்துக்க மாட்டாங்களாம். யாராவது கீறாங்களா?”

தணிகைவேல் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு கை ஃபோனை என் பக்கம் நீட்டியது. நூல் கட்டிய கை அப்படியே இறங்கித் தொங்கியது. முடிச்சின் ஒரு முனை கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது, அவிழவில்லை. அவன் கண்ணில் கெஞ்சல் இல்லை. ஆட்டக்களத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது டிவியில் தெரிகிற முகம்தான் அது. கூப்பிட்டால் எழுந்திருப்பான், கூப்பிடாவிட்டால் உட்கார்ந்திருப்பான்.

நான் எழுந்து படியிறங்கிப் போய் ஃபோனை வாங்கினேன். சாவு உண்டு என்றால் அவனுக்கு ஆட்டம் இல்லை, இல்லை என்றால் காப்பு இறங்காது. உள்ளே போய்ப் பேசும்படி ஜெயம்மா கண்ணால் காட்டினாள். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அங்கே ஒன்று சொல்லிவிட்டு இங்கே வந்து வேறொன்றாக நிற்கலாம். அது எனக்கும் தோன்றியது. ஆனால் நான் எந்தப் பேச்சையும் உள்ளே போய்ப் பேசியவன் அல்ல. தெருவில் நின்றேன். பச்சையப்பன் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். இளங்கோவன் நிழலிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தான். ரஞ்சிதம் முகமூடியைச் சற்று இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தாள். துவட்டாத தலையிலிருந்து இன்னும் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. காதோரமாக வழிந்து, கையிலிருந்த ஃபோன் மேல் ஒரு சொட்டு விழுந்தது. வேட்டி நுனியால் அதைத் துடைத்தேன். எதிர்ப்பக்கம் திலீப் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தணிகைவேலோட பெரியப்பா பேசறேன், சிவப்பிரகாசம். எங்க வூட்ல சாவு இல்ல. கண்ணையன் உசுரோட இருக்கான். இன்னிக்குக் காலைல நானே அவன்கிட்ட பேசினேன்.”